சிறு சி.என்.சி. யந்திரத்திற்கேற்ற மரங்களும் பலகைகளும்

2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி வீசிய தானே புயலும், 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கருகே கரை கடந்த பெஞ்சல் புயலும் மடுகரை, நெட்டப்பாக்கம், பாகூர் வட்டாரத்துக் குடியானவர்கள் மறக்கக்கூடியவையல்ல. புயலில் சாய்ந்த பலா, மா, வேம்பு முதலியவற்றை அவசரத்தில் விறகு விலைக்குக் கொடுத்துவிடுவது நமது வழக்கம். அவ்வாறு கொடுக்குமுன் ஆலோசிக்கத்தக்க உபயோகம் ஒன்றுண்டு. அதனை இங்கு விளக்குவோம்.

கணினியில் வரைந்த உருவத்தின்படி, வேகமாய்ச் சுழலும் வெட்டுமுனையை மூன்று திசைகளிலும் நகர்த்தி மரத்தைச் செதுக்குவது சி.என்.சி. யந்திரமாகும். இவ்வகை யந்திரத்தின் முன்னோடி 1952-ஆம் வருஷம் அமெரிக்காவிலுள்ள மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் காட்டப்பெற்றது. இப்பொழுது மேசை மீது வைக்கத்தக்க சிறிய யந்திரங்களும் வந்துவிட்டன. கதவுப் பூவேலை, பெயர்ப்பலகை, விளையாட்டுச் சாமான் ஆகியவற்றை இவற்றால் செய்யலாம். தச்சரின் கை மரத்து நாரின் போக்கை அறிந்து உளியைத் திருப்பும். யந்திரமோ அதனை அறியாது. ஆகையால் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே வேலையின் நன்மை தீமைகள் முடிவாகிவிடுகின்றன.

ஈரம் அறிதல்

முதலில் கவனிக்க வேண்டியது மரத்தின் பெயரன்று; அதன் ஈரமே. பச்சை மரத்தில் செதுக்கிய பூவேலை, காயக் காய முறுக்கி வெடிக்கும். பலகையின் முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளிச் சிறு துண்டு ஒன்றை வெட்டி நிறுக்கவும். பின் சுமார் 103 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், எடை மேலும் குறையாத வரை உலர்த்தி மறுபடி நிறுக்கவும். 112 கிராம் துண்டு 100 கிராமாக நின்றால் ஈரம் நூற்றுக்கு 12 ஆகும். நமது கரையோரப் பகுதியில் 12 முதல் 14 வரை இருத்தல் பொருந்தும்.

உலர்த்தும் முறை

சாய்ந்த மரத்தைத் தாமதமின்றிப் பலகையாக அறுக்க வேண்டும். முக்கியமாக மாமரம் விரைவில் கறை பிடித்துப் பூச்சிக்கு இரையாகும். தரையினின்று ஓரடி உயரத்தில், கூரை நிழலில், ஒவ்வொரு பலகைக்கும் இடையே ஒரே கனமுள்ள சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாக வைத்து அடுக்கவும். முனைகளில் சாயம் பூசினால் வெடிப்பு குறையும். ஓர் அங்குலக் கனத்திற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு.

எம்மரம் எதற்கு

பூவரசு நுண்ணிய இழையுடையது. சிறு பூவேலைக்கு மிகவும் ஏற்றது. தஞ்சாவூர் வீணைக்குப் பயன்படும் பலாமரமும் சீராக வெட்டுப்படும். தேக்கு சிறந்ததேயெனினும், அதிலுள்ள மணற்சத்து வெட்டுமுனையை மழுங்கச் செய்யும். வேம்பிலும் வாகையிலும் நார் பின்னிக் கிடப்பதால் விளிம்புகள் பிய்யக்கூடும். பெரிய எழுத்துக்களும் எளிய கோலங்களும் அவற்றிற்குப் போதும். சவுக்கு கம்பத்திற்கு உகந்தது. பலகையானால் வெடித்து முறுக்கும். தென்னையில் வெளிப்புறம் கடினமாகவும் உட்புறம் மிருதுவாகவும் இருப்பதால் வெளிப்புறப் பலகையை மட்டும் கொள்ளவும். தொழுவத்தருகே நின்ற மரங்களில் பழைய ஆணிகள் புதைந்திருக்கும். காந்தத்தால் சோதியாமல் யந்திரத்தில் ஏற்றினால் வெட்டுமுனை ஒடியும்.

கடைச் சரக்குகள்

பிளைவுட் முறுக்காது, ஆனால் செதுக்கிய இடத்தில் அடுக்குகள் தெரியும். எம்.டி.எஃப். பலகை நாரின்றி எப்பக்கமும் ஒரே சீராக வெட்டுப்படுவதால் பழகுவோருக்கு நல்லது. தண்ணீர் பட்டால் ஊதிவிடும். அக்ரிலிக்கை மிக மெதுவாக வெட்டினால் உருகி வெட்டுமுனையில் ஒட்டிக்கொள்ளும். அலுமினியத்தைச் சிறிது சிறிதாகவே வெட்டலாம். எஃகு இச்சிறு யந்திரங்களுக்கு ஏற்றதன்று. மரத்தில் ஒரு நடைக்கு வெட்டுமுனையின் விட்டத்தில் பாதி ஆழமே வெட்டுவது ஆரம்பத்தில் உத்தமம்; 6 மில்லிமீட்டர் முனைக்கு 3 மில்லிமீட்டர் என்க.

எச்சரிக்கை

மரத்தூள் புற்றுநோய் விளைவிப்பதென உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு தீர்மானித்துள்ளது. எம்.டி.எஃப். தூள் மிக நுண்ணியது. அதன் பசையில் பார்மால்டிஹைடு என்னும் தீய பொருளும் உண்டு. வாகைத்தூள் ஓயாத தும்மலை உண்டாக்கும். ஆதலால் தூளுறிஞ்சும் கருவியும், முகக்கவசமும், கண்ணாடியும் இன்றி யந்திரத்தை ஓட்டுதல் கூடாது. குழந்தைகள் படுக்கும் அறையில் யந்திரத்தை வைத்தல் அறவே தகாது.

கிராம உத்தியோகஸ்தர்களும் ஒன்றைக் கவனிப்பாராக. புறம்போக்கில் சாய்ந்த மரத்தை அனுமதியின்றி எவரும் அறுத்தல் ஆகாது. அதனை ஏலத்திற்குக் கொண்டுவருகையில் அடிமரத்தையும் கிளைவிறகையும் தனித்தனியே அளந்து குறித்தால், பலகைக்குரிய மரம் விறகுக் கணக்கில் போகாது.

இருபது வருஷம் வளர்ந்த மரம் ஒரே இரவில் சாய்கின்றது. அதனை மேலும் ஒரு வருஷம் நிழலில் காத்து வைப்பவருக்கு, விறகு விலை அன்றிப் பலகை விலையும், பலகையில் தொழிலும் கிடைக்கும். வரும் மழைக்காலத்திற்கு முன்பே கொல்லையிலுள்ள மரங்களைப் பார்த்து, எது பலகைக்கு, எது கம்பத்திற்கு, எது அடுப்பிற்கு என்று குறித்து வைத்துக் கொள்வது நலம்.