முதலில் வாட்டம், கடைசியில் குழி

ஐப்பசி அடைமழை இரண்டு நாள் விடாமல் பிடித்தால், செட்டிநாட்டில் பல வீடுகளின் கொல்லை குளமாகிவிடுகிறது. துவைகல் முழுகுகிறது. கழிவறைக்குப் போகச் செங்கல் வரிசை போட வேண்டியிருக்கிறது. பப்பாளி வேர் அழுகிச் சாய்கிறது. வீட்டுக்காரருக்கு உடனே தோன்றுவது இரண்டு யோசனைகள்: மோட்டார் போட்டு இறைப்பது, இல்லையென்றால் மூலையில் குழி வெட்டி ஜல்லி கொட்டுவது. பெரும்பாலும் இரண்டிலும் பணம் போகிறது, தண்ணீர் போவதில்லை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறோம், அதுதான் காரணம்.

பழைய வீடு போட்ட தடம்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 1850-க்கும் 1940-க்கும் இடையில் எழுந்தவை. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பிறகு இங்கே வந்து குடியேறியதாக, இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் வழிவழியாகச் சொல்வார்கள். வீட்டை மேடை மேல் தூக்கிக் கட்டியதற்கும் அதையே காரணமாகச் சொல்வதுண்டு.

அந்த வீடுகளில் மழைநீர் போக வேண்டிய தடம் கட்டும்போதே போடப்பட்டது. நாலு பக்க ஓட்டுக் கூரையும் வளவு முற்றத்தை நோக்கிச் சரியும். கூரை மூலையிலிருந்து கொட்டும் நீரை, வாயில் துணி கட்டிய அண்டாக்களில் பிடித்துக் குடிக்க வைத்துக்கொள்வார்கள். மிஞ்சியது கல் பாவிய முற்றத்தில் விழும். பார்வைக்குச் சமதளமாகத் தெரியும் முற்றம், ஒரு மூலைக்கு மெல்ல வாட்டம் கொண்டிருக்கும். அந்த மூலையில் துளைமூடி போட்ட தூம்பு. அங்கிருந்து தரைக்கடியில் ஓடும் சலதாரை தெரு வாய்க்காலுக்குப் போகும். தெரு வாய்க்கால் ஊருணிக்குப் போகும். செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பர்மா தேக்குக்கும் ஆத்தங்குடி டைல்ஸுக்கும் கிடைக்கும் பாராட்டில் பாதியாவது இந்தத் தூம்புக்கும் கிடைக்க வேண்டும்.

எங்கே அறுந்தது?

தடம் அறுந்தது கொல்லைப்புறத்தில். மண்ணாக இருந்த இடத்தில் சிமெண்டுத் தளம் போட்டோம். சுற்றுச்சுவர் எழுப்பும்போது பழைய தூம்பின் வாயையும் சேர்த்துப் பூசிவிட்டோம். சாலை போடும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே புதுத் தார் ஏறியது. பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலராக இருந்த வெ. இறையன்பு அறிவுறுத்தினார். ஆனால், அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்கள் இறங்கப் போவதில்லை.

பூட்டிக் கிடக்கும் வீடுகளின் கதை தனி. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். சலதாரையில் வேப்பிலை மக்கி அடைத்துக்கொண்டால் கம்பி விட்டுக் குத்த ஆள் கிடையாது. அதற்கு வட்டி கட்டுவது பக்கத்து வீட்டுக் கொல்லை.

மண்ணின் குணத்தையும் சொல்ல வேண்டும். மேலே செம்மண், கீழே செம்புறாங்கல். இறுகிக் கிடக்கும் செம்புறாங்கல்லில் நீர் நிதானமாகத்தான் இறங்கும். சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 900 மி.மீ. என்றாலும், அதில் பாதியை ஒட்டி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

மட்டம் பாருங்கள்

முதல் நாள் வேலைக்கு மண்வெட்டி வேண்டாம். முப்பதடி பிளாஸ்டிக் டியூப் போதும், உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். அதில் தண்ணீர் நிரப்புங்கள். குமிழி ஒன்றுகூட நிற்கக் கூடாது; நின்றால் மட்டம் பொய் சொல்லும். ஒருவர் ஒரு முனையை வீட்டுச் சுவரிலும், இன்னொருவர் மறுமுனையைச் சுற்றுச்சுவரிலும் பிடிக்க வேண்டும். இரு பக்கமும் தண்ணீர் ஆடி அடங்கியதும் பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டிலிருந்து தரைக்கு டேப் வைத்து அளந்தால் எந்தப் பக்கம் எத்தனை அங்குலம் பள்ளம் என்பது தெரிந்துவிடும். பல வீடுகளில் பள்ளம் வீட்டுச் சுவரை ஒட்டியே இருக்கும். அஸ்திவாரம் தோண்டி மூடிய மண் நாளடைவில் அமுங்கியிருக்கும். அங்கே மண் கொட்டித் திம்சு போட்டு, சுவரிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு மூன்று அங்குலமாவது வாட்டம் விடுங்கள். சுவரில் ஓதம் ஏறுவதும் இதனால் குறையும்.

அடுத்தது, தேங்கும் நீரைக் கொண்டுபோக ஜல்லி வாய்க்கால். ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழம், நூறடிக்கு ஓரடி இறக்கம். அடியில் ஜல்லி, அதன்மேல் துளையிட்ட நாலு அங்குல பிவிசி குழாய், மறுபடி ஜல்லி, மேலே நைலான் வலை விரித்து மணல். குழாயின் துளைகள் கீழே பார்த்திருக்க வேண்டும். வாய்க்காலில் நீர் அடியிலிருந்துதான் நிரம்பி வரும். துளை மேலே இருந்தால் குழாய் முழுகும் வரை சும்மா கிடக்கும். நீரோடு மண்ணும் உள்ளே இறங்கும்.

குழியா, பாத்தியா?

இப்போது குழிக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 50 மி.மீ. பெய்தால் ஏறத்தாழ 4,600 லிட்டர். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி ஆழத்தில் வெட்டிய குழியின் கொள்ளளவு சுமார் 1,270 லிட்டர். கல்லையும் ஜல்லியையும் நிரப்பிய பிறகு இடுக்குகளில் தங்குவது அதில் 40 சதவீதம், கிட்டத்தட்ட 500 லிட்டர். ஒரு நல்ல மழையில் ஒன்பதில் ஒரு பங்குக்குத்தான் அந்தக் குழி ஈடுகொடுக்கும்.

பத்துக்குப் பத்தடியில் அரையடி மட்டும் தாழ்த்திய பாத்தி 1,400 லிட்டர் பிடிக்கும். ஜல்லிச் செலவு இல்லை. கடப்பாரையால் செம்புறாங்கல்லைப் பெயர்க்கவும் வேண்டாம். வெட்டும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓரடிக் குழி தோண்டி நீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி நிரப்பிக் கவனியுங்கள். மணிக்கு ஓர் அங்குலம் இறங்கினால் இடம் தேறும். அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

இந்தப் பாத்தி வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். செப்டிக் டேங்க் பக்கம் வேண்டவே வேண்டாம். நடுவில் கல்வாழை, சேம்பு, வல்லாரை; கரையில் வெட்டிவேர், அருகம்புல். முருங்கைக்கும் பப்பாளிக்கும் ஈரக்கால் ஆகாது, அவற்றை மேட்டுக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு நாளுக்குள் பாத்தி வற்றிவிட வேண்டும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் ஆகும் என்பதால் அதற்குள் வற்றும் நீரால் டெங்கு பயம் இல்லை.

கூரை நீருக்கு இதைவிட நல்ல இடம் கொல்லைக் கிணறு. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானது. அப்போது போட்ட குழாய் பல வீடுகளில் உடைந்து தொங்குகிறது. அதைச் சரிசெய்து, மணலும் கூழாங்கல்லும் போட்ட வடிகட்டி வழியாகக் கிணற்றில் விடலாம். முதல் மழை கூரையைக் கழுவி ஓடட்டும். கொல்லைத் தரையில் ஓடும் நீரைக் கிணற்றில் ஒருபோதும் விடக் கூடாது.

வாசலுக்கு அப்பால்

கிணறும் பாத்தியும் நிறைந்த பிறகும் மிஞ்சும் நீருக்குச் சுற்றுச்சுவரின் அடியில் ஒரு வாய் வேண்டும். பூசி மூடிய பழைய தூம்பைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துத் திறப்பது, புதிதாக ஓட்டை போடுவதைவிட நல்லது. வாட்டம் அந்தப் பக்கம்தான் இருக்கும். அடுத்த வீட்டுக் கொல்லைக்குத் திருப்பிவிடுவது தீர்வாகாது; அடுத்த மழைக்குள் பஞ்சாயத்தாகிவிடும்.

அந்த வாய்க்கு வெளியே உள்ள தெரு வாய்க்காலையும் ஊருணியின் வரத்துக்காலையும் தனியொருவர் தூர்வார முடியாது. அதற்குக் கிராம சபை இருக்கிறது. அக்டோபர் 2 கூட்டத்தில் கேட்டால் வேலை தொடங்குவதற்குள் பருவமழை வந்துவிடும். ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே, அடைபட்ட இடங்களைத் தெருவாரியாக எழுதிக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வெளியூரில் இருக்கும் பங்காளிகளுக்கும் அதில் ஒரு நகலை அனுப்புங்கள். பூட்டிய வீட்டுச் சலதாரையைச் சுத்தம் செய்யும் கூலி, பாகம் பிரித்தால் ஆளுக்குச் சொற்பம்தான்.