ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் பாடகியான கதை

"ஆட்டம் சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. கேள்வியில் தவறில்லை. பிள்ளையின் பிழைப்பை நினைத்துக் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே அமெரிக்கப் பாடகி பவுலா அப்துலின் வரலாற்றை எழுதுகிறேன்.

இவர் 1962-ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தவர். தந்தை சிரியாவின் அலெப்போ நகரில் பிறந்த யூதர். தாயார் கனடா நாட்டவர், பியானோ வாசிப்பவர். ஜீன் கெல்லி ஆடிய பழைய படங்களைப் பார்த்துப் பவுலாவுக்குச் சிறு வயதிலேயே நடனத்தில் ஆசை பிறந்தது. உயரம் ஏறக்குறைய ஐந்தடிதான். அதை அவர் ஒரு குறையாகக் கொள்ளவில்லை.

கல்லூரியில் படித்த காலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்துக் குழுவின் ஆட்டங்களில் ஆடும் மகளிர் குழுவுக்குத் தேர்வு நடந்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் வந்திருந்தும் இவருக்கு இடம் கிடைத்தது. விரைவிலேயே அக்குழுவுக்கு நடனம் அமைத்துக் கொடுக்கும் பொறுப்பும் இவரிடம் வந்தது.

அங்கே இவர் திறமையைக் கண்ட ஜாக்சன் சகோதரர்கள், 1984-இல் 'டார்ச்சர்' என்னும் பாடலுக்கு நடனம் அமைக்க அழைத்தார்கள். 1986-இல் அவர்கள் தங்கை ஜேனட் ஜாக்சனின் 'கன்ட்ரோல்' இசைத்தட்டுப் பாடல்களுக்கும் அமைத்தார். 1981-இல் எம்.டிவி தொடங்கிய பின், பாட்டைக் காதால் கேட்டது போதாமல் கண்ணாலும் பார்க்க விரும்பிய காலம் அது. ஆட்டம் அமைப்பவருக்கு மதிப்புக் கூடியது. ஆனாலும் கைதட்டல் பாடியவருக்கே போனது.

'நாமே பாடினால் என்ன?' என்று துணிந்தார் பவுலா. பாட்டில் இவருக்குப் பெரிய பயிற்சி கிடையாது. நடனத்தில் சேர்த்த பணத்தைச் செலவழித்து மாதிரிப் பாடல் பதிவு செய்தார். ஆசிரியர்களிடம் குரல் பயிற்சியும் பெற்றார்.

1988 ஜூனில் 'ஃபாரெவர் யுவர் கேர்ள்' என்னும் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. தொடக்கத்தில் அது பெரிதாக எடுபடவில்லை. 1989 பிப்ரவரியில் 'ஸ்ட்ரெய்ட் அப்' பாடல் முதலிடம் பிடித்த பிறகே மக்கள் திரும்பிப் பார்த்தார்கள். இசைத்தட்டு முதலிடத்தைத் தொட 64 வாரங்கள் ஆயின! அதன் நான்கு பாடல்கள் முதலிடம் பெற்றன. அவற்றுள் ஒன்றில் கார்ட்டூன் பூனையோடு ஆடினார். 1945-இல் ஜீன் கெல்லி கார்ட்டூன் எலியோடு ஆடிய காட்சியே அதற்கு முன்மாதிரி. அந்தப் பாடல் படம் 1991-இல் கிராமி விருது பெற்றது.

பால்மரக் கன்றை நட்டு, ஐந்தாறு ஆண்டுகள் பார்த்து வளர்த்த பிறகுதான் கத்தி வைக்கிறோம். கலையும் அப்படித்தான். ஆடுகிற பிள்ளைகள் எல்லாரும் புகழ் பெற்றுவிட மாட்டார்கள். ஆனால் பவுலாவுக்குப் புகழ் வருமுன்பே ஆட்டம் சம்பளம் கொடுத்தது. அந்தச் சம்பளமே பாட்டுக்கும் வழி திறந்தது.

பெற்றோர்களே, பள்ளி விழாவுக்காக உங்கள் மகள் வாசலில் ஆடிப் பழகினால் அதட்டாதீர்கள். பாடம் முடித்ததா என்று கேளுங்கள். முடித்திருந்தால், சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள்.