பேரல் மாறினா கட்டையும் மாறணுமா?

நம்ம விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அச்சைப் பொருளைவிடக் கொஞ்சம் பெரிசாத்தான் வெட்டுவாங்க. காயும்போதும் வேகும்போதும் களிமண் சுருங்கும் இல்லையா? துப்பாக்கிக் கட்டைக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. ஆனா மரம் ஒரே தடவை சுருங்கி அடங்குற ஜாதி இல்லை. மழைக்கு உப்பும், வெயிலுக்கு ஒடுங்கும்.

சுடும்போது பேரல் அதிரும். மரம் ஒரு பக்கமாக உரசினால் அந்த அதிர்வு மாறி, குண்டு வேறிடத்தில் போய் விழும். அதனால் தடித்த பேரல் மாட்டும்போது கட்டையின் பள்ளத்தை அதைவிட அகலமாகக் குடைவார்கள். ஒரு தாளை இடையில் விட்டு இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். பின்பக்கம் உதை இறங்கும் இடத்திலோ இடைவெளியே கூடாது. இருந்தால் நாளடைவில் மரம் பிளந்துவிடும். ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலை, வால்நட்டைவிட மென்மையான மரத்தில் லீ-என்ஃபீல்டு கட்டை செய்தபோது அந்த இடத்தில் செம்புத் துண்டு பதித்தது.

1962 சீனப் போருக்குப் பிறகு நம்ம இஷாப்பூர் ஆலை, அதே லீ-என்ஃபீல்டை .303-லிருந்து 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றியது. அழுத்தம் தாங்க எஃகை மாத்தினாங்க, மேகசின் 12 தோட்டாவுக்குப் புதுசாச்சு. கட்டையின் வடிவம் பெரும்பாலும் பழையதே. என்னைக் கேட்டால், அதுதான் கெட்டிக்கார டிசைன்.

(வீட்டில் முயற்சி பண்ணாதீங்க, துப்பாக்கியை மாற்றியமைக்க 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேணும்.)