தங்கும் விடுதித் தொழிலும் அயல்மொழிச் சொற்களும்

மலேசியாவின் காப்பார், கிள்ளான் வட்டாரத்திலிருந்து விருந்தோம்பல் துறையில் பயிலச் செல்லும் தமிழ் மாணவர்கள் பொதுவாகத் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் பேசத் தெரிந்தே வகுப்பில் நுழைகின்றனர். எனினும், தங்கும் விடுதி வேலைக்கு அந்தப் பொதுமொழியறிவு மட்டும் போதுவதில்லை. ‘கவர்’ என்னும் ஆங்கிலச் சொல்லை மூடி என்ற பொருளில் அறிந்த மாணவருக்கு, உணவகத்தில் அது சாப்பிட வரும் ஒருவருக்கான இருக்கையையும் பரிமாறும் கணக்கையும் குறிப்பது புதிதாக இருக்கும். சமையலறையிலோ ‘மீஸ் ஆன் பிளாஸ்’, அதாவது சமைக்கத் தொடங்குமுன் வேண்டியவற்றை நறுக்கி, அளந்து, கைக்கெட்டும் இடத்தில் வைத்தல், போன்ற பிரெஞ்சுத் தொடர்களே வழங்குகின்றன. பிரெஞ்சுச் சமையல் வல்லுநர் அகுஸ்த் எஸ்கோஃபியே (1846–1935) சமையலறைப் பணிகளைப் பிரிவு பிரிவாக வகுத்த முறை உலகெங்கும் பரவியதே ‘சூ செஃப்’ (தலைமைச் சமையல்காரருக்கு அடுத்த நிலையர்) முதலிய பதவிப் பெயர்கள் நிலைத்ததற்கு முக்கியக் காரணம்.

இத்தகைய சொற்களைப் பட்டியலிட்டு மனனம் செய்விப்பதைவிட, அவை வழங்கும் வேலையோடு சேர்த்துக் கற்பிப்பதே பயன் தரும். 2023 டிசம்பர் 1 முதல் சீனக் குடிமக்கள் விசா இன்றி 30 நாள் வரை மலேசியாவில் தங்க முடிவதால், வரவேற்பு முகப்பில் மாண்டரின் பேசும் தேவை எளிதில் விளங்கும். அறை பதிவைக் குறிக்கும் ‘ரூஜூ’, அறையை ஒப்படைப்பதைக் குறிக்கும் ‘துயிஃபாங்’, வைப்புத்தொகையைக் குறிக்கும் ‘யாஜின்’ ஆகியவை தெரிந்திருந்தாலும், 2017 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் வீதம் வாங்கப்படும் சுற்றுலா வரி அறை வாடகையில் சேராதது ஏன் என்று விருந்தினர் கேட்கும்போது, தனிச்சொற்கள் கைகொடுப்பதில்லை. வரி அரசுக்குச் செல்வது, வைப்புத்தொகை திருப்பித் தரப்படுவது என்னும் வேறுபாட்டைப் பணிவாக விளக்கும் முழு வாக்கியங்கள் மாணவரின் நாவில் பழகியிருக்க வேண்டும்.

ஆசியான் நாடுகள் சுற்றுலாத் தொழிலரின் தகுதியைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளச் செய்த உடன்பாடும், 6 பிரிவுகளில் 32 பணிகளை வகுத்து, ஒவ்வொன்றிலும் ஒருவர் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவற்றையே அளவுகோலாகக் கொள்கிறது. மொழித்தேர்வும் அவ்வழியில் அமைவதே முறை: சொல்லுக்குப் பொருள் எழுதச் சொல்வதற்குப் பதில், கணக்கில் பிழை என்று முறையிடும் விருந்தினருக்கு மாணவர் மறுமொழி சொல்லக் கேட்டு மதிப்பெண் இடலாம்.