கல்யாணப் பத்திரிகையில் வந்த திருடன்



முகூர்த்த மாசம் வந்தாலே நம்ம காஞ்சிபுரத்துல வாட்ஸ்அப் முழுக்க கல்யாணப் பத்திரிகைதான். தறி ஓடுற வீடுன்னா கேட்கவே வேண்டாம். பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கும் ஒன்று வந்தது. சேலை வாங்கியவர் நம்பர்தான். தொட்டதும் "இன்ஸ்டால் செய்யவா?" என்று கேட்டது. சித்தப்பா எல்லாவற்றுக்கும் 'சரி' கொடுத்துவிட்டார். பத்திரிகை மட்டும் திறக்கவே இல்லை!

பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். இது வந்தது 'ஏபிகே' என்ற பெயர் முடிவோடு. ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு போனில் ஏறி உட்காரும் ஒரு செயலி. இதே கல்யாணப் பத்திரிகை மோசடி பற்றி 2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேச சைபர் போலீசார் எச்சரித்தார்கள்.

அது எப்படித் திருடுகிறது?

எஸ்எம்எஸ் படிக்க நம்மிடமே அனுமதி வாங்கிக்கொள்ளும். பேங்க் அனுப்பும் ஓடிபி நம்ம கண்ணுக்குத் தெரியும் முன்பே திருடனுக்குப் போய்விடும். சில செயலிகள் தன் படத்தையே மறைத்துக்கொள்ளும்.

போன் வைரஸ் ஒன்றும் புதுசு இல்லை. 2004-லேயே 'கேபிர்' என்ற ஒன்று நோக்கியா போன்களில் புளூடூத் வழியாகப் பரவியது. அதுவும் "ஏற்கவா?" என்று கேட்டுத்தான் உள்ளே வந்தது. அன்றும் இன்றும் கதவைத் திறப்பது நாம்தான்!

நாங்கள் செய்தது:

1. முதலில் நெட்டை அணைத்தோம். சிம்மையும் கழற்றினோம். நெட் இல்லாவிட்டாலும் எஸ்எம்எஸ் போகுமே!

2. வேறு போனிலிருந்து பேங்குக்குச் சொல்லி கணக்கை நிறுத்தினோம். ஒரு சேலையின் கூலி முழுசும் அதில்தான் இருந்தது. நல்லவேளை, தப்பியது.

3. போனை 'சேஃப் மோட்' என்ற நிலையில் திறந்தோம். அதில் நாம் ஏற்றிய செயலிகள் ஓடாது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி நீக்கினோம். முதலில் போக மறுத்தது. 'டிவைஸ் அட்மின்' அனுமதியை எடுத்த பிறகுதான் போனது.

4. பிளே ஸ்டோரில் உள்ள 'பிளே புரொடெக்ட்' வைத்து சோதித்தோம். வேறு போனில் பாஸ்வேர்டுகளை மாற்றினோம். செயலி போனாலும், அது திருடிய பாஸ்வேர்டு திருடனிடம்தானே இருக்கும்!

இதற்கும் சரியாகாவிட்டால், போட்டோக்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு 'ஃபேக்டரி ரீசெட்' செய்ய வேண்டும்.

பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

பணம் தப்பினாலும் சித்தப்பாவுக்கு ஒரு வருத்தம். அவர் பெயரில் அதே பத்திரிகை பலருக்குப் போயிருந்தது. சாயங்காலம் முழுக்க தறியில் உட்காராமல், ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "அதைத் தொடாதீங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்துத்தான் இதை எழுத நினைத்தேன்.

ஆகவே நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் அப்பா, அம்மா, தாத்தா போனை வாங்கி, செட்டிங்ஸில் 'தெரியாத செயலிகளை நிறுவு' என்பது வாட்ஸ்அப்புக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பத்திரிகை அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கல்யாண வீட்டுக்காரர் கோவிச்சுக்க மாட்டார்!

வருமுன் காப்போம்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி