ஒரே கொக்கியில் மாட்டிய ஊர்: கோலார் தங்கவயல் பாலாற்றுக் கரைக்குச் சொல்வது

(எபிசோடில் பேசியது, வாசிப்பதற்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது)

முதல்ல போன்ல ஒரு மேப் திறந்து வச்சுக்கோங்க. ஜவ்வாது மலையைத் தேடுங்க. பைக்ல போறவங்களுக்கு ஜமுனாமரத்தூர் தெரிஞ்சிருக்கும், வானம் பார்க்கிறவங்களுக்கு காவலூர் டெலஸ்கோப் தெரிஞ்சிருக்கும். காவலூரிலிருந்து ஆலங்காயம் வழியா கீழே இறங்கினா வாணியம்பாடி, அதைத் தாண்டி ஆம்பூர். ரெண்டுமே பாலாற்றங்கரை ஊர்கள். ரெண்டுமே தோல் தொழிலை நம்பி இருக்கிற ஊர்கள்.

இப்போ பாலாற்றைப் பிடிச்சு மேல்நோக்கிப் போங்க. ஆந்திராவில் குப்பம் பகுதியைத் தாண்டி, கர்நாடகாவுக்குள்ள பேத்தமங்கலா ஏரி வரும். அந்த ஏரியிலிருந்து தண்ணி வாங்கி வளர்ந்த ஊர்தான் கோலார் தங்கவயல். நமக்கு கேஜிஎஃப்.

ஆக, ஒரே ஆற்றில் மேலே ஒரு ஊர், கீழே சில ஊர்கள். மேலே இருந்தது ஒரே ஒரு தொழிலை நம்பி வாழ்ந்து, 2001-இல் அந்தத் தொழில் நின்றதும் உட்கார்ந்துவிட்டது. கீழே இருக்கிறவை இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. அதனால கேஜிஎஃப் கதையைப் பழைய சோகமா பார்க்காம, ஒரு சிஸ்டம் எப்படி விழுந்ததுன்னு பார்க்கலாம். நம்ம வேலையில சர்வர் விழுந்தா ஒரு ரிப்போர்ட் எழுதுவோம் இல்லையா, அந்த மாதிரி.

பெங்களூருக்கு முன்னால் கரன்ட்

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் இங்கே சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. 1894-இல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரைக்கும் தனி ரயில் பாதை வந்தது. 1902-இல் காவிரியில் சிவனசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம், ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. பெங்களூர் தெருவுக்கு மின்விளக்கு வந்தது 1905-இல்தான். அதாவது தலைநகருக்கு முன்னாலேயே இந்த ஊருக்குக் கரன்ட்.

வேலைக்கு வந்தவங்க யார்? பெரும்பாலும் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்துக் குடும்பங்கள். அதில் பெரும் பகுதி தலித் குடும்பங்கள். ஊரில் நிலம் இல்லை, மரியாதை இல்லை. சுரங்கத்தில் உயிருக்கு உத்தரவாதம் இல்லைதான். பாறை வெடிச்சுச் சாகலாம், தூசியில் நுரையீரல் கெட்டுப் போகலாம். ஆனா கையில் காசாகச் சம்பளம் வந்தது. பிள்ளைகள் படிச்சாங்க, சங்கம் வந்தது, அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் இங்கே வேர் பிடித்தது. இதை மறந்துடக் கூடாது. வெளியூர்க்காரங்களுக்கு அது தங்கம் எடுக்கிற இடம். அவங்களுக்கு அது பண்ணையார் இல்லாத ஊர். அதனால சுரங்கம் மூடினப்போ, "சொந்த ஊருக்குத் திரும்பிப் போங்க"ன்னு சொன்னதுக்கு அர்த்தமே இல்லாம போச்சு. நாலு தலைமுறைக்கு அப்புறம் எந்த ஊருக்குத் திரும்புறது?

தங்கம் தீர்ந்து போச்சா?

எல்லாரும் சொல்ற காரணம் இது: தங்கம் தீர்ந்தது, மூடிட்டாங்க. பாதி உண்மை.

தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையை உடைச்சா 40 கிராமுக்கு மேல தங்கம் கிடைச்சது. கடைசிக் காலத்தில் அது நாலு கிராம் அளவுக்கு இறங்கிடுச்சு. சுரங்கமோ கீழே போய்க்கிட்டே இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அங்கே பாறையோட வெப்பமே 60 டிகிரிக்கு மேல. ஆளை இறக்க, காற்றை அனுப்ப, குளிர்விக்க, தண்ணியை இறைக்க என்று ஒவ்வொன்றுக்கும் செலவு. கிராம் குறையக் குறைய, ஒரு கிராமுக்கான செலவு ஏறிக்கிட்டே போச்சு.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய அரசு. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட், அதாவது பிஜிஎம்எல் உருவானது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபதாயிரத்துக்கு மேல் இருந்த தொழிலாளர்கள் அன்னைக்கு மூவாயிரத்துச் சொச்சம் பேர். 120 வருஷத்தில் அந்தப் பாறையிலிருந்து வெளியே போனது ஏறக்குறைய 800 டன் தங்கம்.

இப்போ அந்தத் தேதியை மட்டும் கவனிங்க. 2001-இல் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் 270 டாலர் சுமார். இருபது வருஷத்தில் பார்த்திராத தாழ்ந்த விலை. பத்தே வருஷத்தில், 2011-இல், அதே அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்டது. விலையின் அடிமட்டத்தில் கடையைச் சாத்தியிருக்காங்க. சங்கங்கள் நீதிமன்றம் போனாங்க, நாங்களே எடுத்து நடத்துறோம்னும் கேட்டாங்க. அதுக்குள்ள பம்ப் நின்ற சுரங்கத்தில் தண்ணி ஏறிடுச்சு. சுரங்கத்தை ஆஃப் பண்ணிட்டு, விலை ஏறினதும் ஆன் பண்ண முடியாது.

கூடவே நின்றவை

ஒரு கம்பெனி மூடினா வேலைதானே போகும்? தங்கவயலில் அது மட்டும் இல்லை. மக்கள் குடியிருந்த லைன் வீடு கம்பெனியுடையது. ஆஸ்பத்திரி கம்பெனியுடையது. குடிதண்ணி, கரன்ட், தெரு, கிளப் எல்லாத்துக்கும் கம்பெனிதான் பொறுப்பு. ஒரு ஊருக்கு முனிசிபாலிட்டி செய்ய வேண்டிய வேலையில் பெரும் பகுதியைக் கம்பெனி செஞ்சது. எல்லாம் ஒரே கொக்கியில் மாட்டியிருந்தது. கொக்கி கழன்ற அன்னைக்கு எல்லாமே கீழே.

மென்பொருள் உலகத்தில் இதுக்கு சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்னு பேர். ஒண்ணு போனா எல்லாம் போகும் என்கிற இடம் அது. அப்படி ஒண்ணு சிஸ்டத்துல இருக்கிறது ஓடுற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. ஓடும்போது அது வசதியாத்தான் தெரியும். வாடகை இல்லாத வீடு, இலவச வைத்தியம்!

இன்னைக்கு அந்த லைன் வீடுகளில் இருக்கிறவங்களுக்குப் பட்டா ஒரு தீராத கோரிக்கை. விடியறதுக்கு முன்னாடி மாரிக்குப்பம் ரயில் பிடிச்சு ஆயிரக்கணக்கானவங்க பெங்களூர் வேலைக்குப் போய், ராத்திரி திரும்புறாங்க. ஊருக்கு நடுவில் சயனைடு மண்மேடுகள் நிக்குது. உடைச்சுப் பொடியாக்கின பாறையில் சயனைடு கரைசலை ஊற்றித் தங்கத்தைப் பிரிச்சிட்டு, மிச்ச மண்ணைக் கொட்டி வச்ச மலைகள். மூணு கோடி டன்னுக்கு மேல. காத்தடிச்சா தூசி வீட்டுக்குள்ள வரும். தங்கம் ஊரைவிட்டுப் போச்சு, மண்மேடு மட்டும் ஊருக்குன்னு ஆச்சு.

கோயம்புத்தூர் ஏன் விழலை?

"ஒரே தொழில் ஊர்னா விழுந்துதான் ஆகணுமா?"ன்னு நீங்க கேட்கலாம். அமெரிக்காவில் டெட்ராய்ட் விழுந்தது. 1950-இல் 18 லட்சம் பேர் இருந்த கார் நகரம், 2010-இல் ஏழு லட்சத்துச் சொச்சம். 2013-இல் நகர நிர்வாகமே திவால் மனு போட்டது.

ஆனா நம்ம கோயம்புத்தூரைப் பாருங்க. அதுவும் ஒரு காலத்தில் பஞ்சாலை ஊர். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தப்புறம் மில்லுகள் பெருகின. அப்புறம் பல மில்லுகள் மூடின. ஊர் விழலை. ஏன்னா அங்கே மின்சாரம் ஒரே முதலாளிக்குப் போகலை. பல மில், பல கிணறு, பல பட்டறை. மில் மெஷினை ரிப்பேர் பண்ணினவங்க, உதிரிபாகம் வார்த்தவங்க, தனியா பட்டறை போட்டாங்க. 1937-இலேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் அங்கே மின்மோட்டார் செஞ்சுட்டாங்க. பம்ப், மோட்டார், வார்ப்படம்னு தொழில் கிளை விட்டது.

தங்கவயலிலும் அருமையான ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வின்ச் ஓட்டுற ஆள் எல்லாம் இருந்தாங்க. திறமையில் குறைச்சல் இல்லை. அந்தத் திறமையை வாங்க ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். பெமல் தொழிற்சாலை வந்தது நல்ல விஷயம்தான், இன்னும் ஓடுது. ஆனா அதுவும் இன்னொரு பெரிய மதில் சுவர். சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஆயிரம் சின்னப் பட்டறை முளைக்கவில்லை.

மலைக்குக் கீழே

இப்போ ஆற்றோட கீழே வருவோம். பழைய காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வேணும். ஜவ்வாது மலையில் கடுக்காய் பொறுக்கி விற்கிறது மலையாளிப் பழங்குடி மக்களோட பழைய வருமானம். மலையும் ஊரும் அப்படி ஒட்டியிருந்தது. 1970-களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தப்புறம், முழுசா முடிச்ச தோலுக்கும் செருப்புக்கும் தொழில் மாறியது. கூடவே குரோம் வந்தது. பட்டையில் வாரக்கணக்கில் ஆகிற வேலை, குரோமில் சில நாள். கடுக்காய்த் தேவை சுருங்கியது. தொழில் ஊரில் செய்முறை மாறினா, அதை நம்பின மலைக்கு யாரும் தபால் போட்டுச் சொல்றதில்லை.

கழிவு பாலாற்றுக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தினவரே செலவை ஏற்கணும் என்பதை இந்தியச் சட்டத்தில் உறுதியா நிறுத்தினது இந்தத் தீர்ப்புதான். தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாவோ பகுதியாவோ கெட்டுப் போனதா அதே தீர்ப்பு குறிப்பிடுது. 2025 ஜனவரியில் அதே பாலாறு, அதே பிரச்சினை, மறுபடி உச்ச நீதிமன்றம். அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள் மேல வரியை 50 சதவீதமாக்கியது. வாஷிங்டனில் போட்ட கையெழுத்து ஆம்பூர் செருப்புத் தொழிற்சாலை வரைக்கும் வந்து தொட்டது.

நேர்மையா சொல்லணும்னா ஆம்பூர் தங்கவயல் இல்லை. அங்கே முதலாளிகள் பலர். வீடு பெரும்பாலும் கம்பெனி வீடு இல்லை. சென்னை, பெங்களூர் ரெண்டும் ரயில் தூரம். ஆனா செருப்பு தைக்கிற ஆயிரக்கணக்கான பெண்களோட கைத்திறமை தோலுக்கு வெளியே எங்கே விலை போகும்? நிலத்தடி நீர் கெட்ட இடத்தில் விவசாயத்துக்குத் திரும்ப வழி இருக்கா? சுத்திகரிப்புச் செலவைத் தொழில் லாபமா ஓடும்போதே எடுத்து வைக்கிறாங்களா, மூடின பிறகு ஊர் தலையில் கட்டப் போறாங்களா? தங்கவயலில் இந்தக் கேள்விகளை 2001-க்கு அப்புறம்தான் எல்லாரும் கேட்டாங்க. அப்போ பதில் சொல்லக் கம்பெனி இல்லை.

இதைக் கேட்கிற உங்களில் பலர் ஓஎம்ஆரிலோ வைட்ஃபீல்டிலோ ஐடி வேலையில் இருப்பீங்க. வீட்டு விலை, வாடகை, டீக்கடை, கேப் டிரைவர் எல்லாம் அங்கே எதில் மாட்டியிருக்குன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுற தங்கவயல் பிள்ளைகளும் இப்போ அதே பெங்களூரைத்தான் நம்பி வர்றாங்க. உங்க ஊர் எந்தத் தொழிலை நம்பி இருக்கு, அது நின்னா கூடவே என்னென்ன நிக்கும்னு ஒரு பட்டியல் போட்டு அனுப்புங்க. நல்ல பட்டியல்களை அடுத்த எபிசோடில் எடுத்துப் பேசுவோம்.