வாய் எட்டும் உயரம் வரை முள்

ஐரோப்பிய ஹாலி மரத்தின் இலை தடித்தது, மெழுகு தடவியதுபோல் பளபளக்கும், பனிக்காலத்திலும் உதிராது. விளிம்பு நெளிநெளியாக வளைந்து, ஒவ்வொரு நெளிவும் ஒரு முள்ளில் முடியும். ஒரு முள் மேல்நோக்கி இருந்தால் அடுத்தது பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வாய் வைத்தாலும் குத்தும்.

இது கீழ்க்கிளைகளில்தான். அண்ணாந்து பார்த்தால், உச்சியில் பல இலைகள் மழமழப்பான விளிம்போடு, நுனியில் மட்டும் ஒற்றை முள்ளோடு இருக்கும். மான் மேய்ந்த கிளைகளில் புதிதாகத் துளிர்க்கும் இலைகளில் முள் கூடுகிறது. ஸ்பெயினில் கார்லோஸ் எரேரா, பிலார் பசாகா இருவரும் ஒரே கிளையின் முள் இலையையும் முள்ளற்ற இலையையும் ஒப்பிட்டனர். மரபணுக்களின் செயல்பாட்டைக் கூட்டிக் குறைக்கும் மெத்தில் குறிகள் முள் இலையின் டி.என்.ஏ.வில் குறைவாக இருந்தன. மரபணுவின் எழுத்து மாறாமலே மரம் தன் இலையை மாற்றிக்கொள்கிறது என்பதற்கு இது வலுவான தடயம். இங்கிலாந்தின் மேய்ப்பர்களுக்கு உச்சி இலையின் அருமை முன்பே தெரியும். புல் கிடைக்காத குளிர்காலத்தில் மேற்கிளைகளை வெட்டி ஆடுமாடுகளுக்குப் போட்டார்கள்.

ஹாலியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரம்தான் காய்க்கும். அதற்கும் அருகில் ஓர் ஆண் மரம் வேண்டும், மகரந்தம் சுமக்கத் தேனீ வேண்டும். தோட்ட வகைகளின் பெயரை நம்பிச் செடி வாங்கக் கூடாது: 'கோல்டன் கிங்' பெண், 'சில்வர் குவீன்' ஆண்.

கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் காணும் அந்தச் சிவப்புப் பழம் மனிதருக்கு ஆகாது. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பறவைகளுக்கோ அது குளிர்கால உணவு. மிஸ்ஸல் த்ரஷ் என்னும் பறவை ஒரு மரத்தையே பிடித்துக்கொண்டு, மற்றவற்றை அண்டவிடாமல் வாரக்கணக்கில் காவல் காக்கும்.

மரக்கட்டை தந்தம் போல் வெளுத்தது, இழை நெருங்கியது. சதுரங்கத்தின் வெள்ளைக் காய்களுக்கும் மர இழைப்பு வேலைக்கும் ஏற்றது. கறுப்புச் சாயம் ஏற்றிக் கருங்காலிக்குப் பதிலாகவும் பயன்படுத்தினார்கள்.

ஹாலியின் பேரினமான ஐலெக்ஸில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மனித வாழ்வில் மிக ஆழமாகக் கலந்தது தென் அமெரிக்காவின் யெர்பா மாத்தேதான். குவாரனி மக்களிடமிருந்து பரவிய பானம் இது. உலர்த்தி நொறுக்கிய இலையைச் சுரைக்குடுவையில் இட்டு, வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சுவார்கள். காபியில் உள்ள அதே காஃபின் இதிலும் உண்டு.

நீலகிரியின் சோலைக் காடுகளிலும் ஹாலியின் உறவுகள் வளர்கின்றன. ஐலெக்ஸ் வைட்டியானா, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் பெயரைத் தாங்கியது. இன்னொன்று ஐலெக்ஸ் டென்டிகுலேட்டா. அதன் இலை விளிம்பில் சிறு பற்கள்தான், அந்தப் பெயருக்குப் பொருளும் அதுவே.